வானத்தில் கவிழ்ந்து தொங்கும் விளக்குகள்: இரவுப் படங்களில் கோஸ்ட், ஃப்ளேர் வந்தால் எங்கே தேடுவது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்காக. கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வீட்டின் முகப்பை ட்ரைபாடில் வைத்து இரவில் எடுத்திருக்கிறீர்கள். சுற்றுச்சுவர் நெடுக சீரியல் செட், வாசலில் இரண்டு பெரிய விளக்குகள். வீடு நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் மேலே கறுப்பு வானத்தில் பச்சைப் புள்ளிகள் வரிசையாக மிதக்கின்றன (இதைத்தான் கோஸ்ட் என்கிறோம்), படத்தின் இடது பக்கம் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருக்கிறது (இது ஃப்ளேர்). கடையில் காட்டியபோது, லென்ஸ் கோட்டிங் (பிரதிபலிப்பைக் குறைக்கக் கண்ணாடியில் பூசியிருக்கும் மெல்லிய பூச்சு) போய்விட்டது, வேறு லென்ஸ் வாங்குங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். முதலில் லென்ஸின் முன்னால் மாட்டியிருக்கும் யூவி ஃபில்டரைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் இன்னொரு படம் எடுங்கள். பச்சைப் புள்ளிகளில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். இடது பக்க வெளுப்பு வேறு நோய், அதற்கு வேறு மருந்து. இரண்டும் ஒரே படத்தில் வந்ததால் ஒரே கோளாறு மாதிரித் தெரிகிறது.

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடுகளையும் கல்யாணங்களையும் பல வருடமாக எடுத்து வருகிறேன். இந்தப் பச்சைப் புள்ளி எனக்கும் வந்தது. பள்ளத்தூரில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. வரிசையாகப் பெட்ரோமாக்ஸ் போல அலங்கார விளக்குகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நல்ல படம் என்று நான் நினைத்திருந்த ஒன்றில், மாப்பிள்ளையின் அப்பச்சி நெற்றியில் சரியாக ஒரு பச்சைப் பொட்டு. அந்த வீட்டில் அவருடைய கடைசிப் படங்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது. அதை ஆல்பத்தில் வைக்கப் பாடுபட்டுத் திருத்தினேன், ஆனாலும் எனக்குத் தெரியும் அது எங்கே இருந்தது என்று. அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன்.

என்ன நடக்கிறது என்று பார்ப்போம். விளக்கின் ஒளி லென்ஸுக்குள் புகுந்து, படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரில் ஒரு புள்ளியாகக் குவிகிறது. சென்சாரின் மேலும் கண்ணாடி மூடிதான் இருக்கிறது. விழுந்த ஒளி முழுவதையும் அது விழுங்கிவிடாது, கொஞ்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். அந்த ஒளி லென்ஸ் வழியாக வெளியே போகப் பார்க்கும்போது, முன்னால் தட்டையான ஒரு கண்ணாடி நிற்கிறது. அதுதான் உங்கள் ஃபில்டர். அதில் பட்டு மறுபடி உள்ளே வருகிறது. இந்தத் தடவை சென்சாரில் விழும் இடம், முதலில் விழுந்த இடத்துக்கு நேர் எதிர். படத்தின் நடுப்புள்ளியிலிருந்து விளக்கு எவ்வளவு தூரம் கீழே இருக்கிறதோ அவ்வளவு தூரம் மேலே, எவ்வளவு வலமோ அவ்வளவு இடம்.

அதனால்தான் வீட்டுப் படங்களில் இந்தத் தொல்லை எப்போதும் வானத்தில் வருகிறது. விளக்கெல்லாம் கீழ்ப்பாதியில், வானம் மேல்பாதியில். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுவரில் தொங்கலாகக் கட்டிய சீரியல் செட், வானத்தில் கவிழ்த்துவைத்த வளைவுகளாகத் தெரியும். ஒவ்வொரு பல்புக்கும் ஒரு பச்சைப் புள்ளி. எண்ணிப் பார்த்தால்கூடச் சரியாக இருக்கும்.

இதைச் சந்தேகமில்லாமல் உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. படத்தை வெட்டாமல், எடுத்தது எடுத்தபடி திறந்துகொள்ளுங்கள். அதன் பிரதி ஒன்றை 180 டிகிரி திருப்பி, பாதி ஒளிபுகும்படி செய்து, அசல் படத்தின் மேல் வையுங்கள். திருப்பிய படத்தின் விளக்குகள் அசல் படத்தின் பச்சைப் புள்ளிகள் மேல் அச்சாக உட்கார்ந்தால், குற்றவாளி லென்ஸின் முன்னால் உள்ள தட்டைக் கண்ணாடிதான். லென்ஸுக்குள்ளேயே பிறக்கும் கோஸ்ட்டும் அநேகமாக நடுப்புள்ளி வழியாகப் போகும் கோட்டில்தான் வரும். ஆனால் லென்ஸின் கண்ணாடிகள் வளைந்தவை. அதனால் தூரம் மாறும், அளவு மாறும், வட்டமாகவோ பலகோணமாகவோ உப்பியும் மங்கியும் தெரியும். விளக்கின் வடிவத்தையே கூர்மையாகக் கவிழ்த்துக் காட்டுவது தட்டைக் கண்ணாடியின் வேலை.

கேமராவைக் கையில் வைத்துக்கொண்டும் பார்க்கலாம். திரையில் பார்த்தபடி மெதுவாக வலது பக்கம் திருப்புங்கள். விளக்குகள் திரையில் இடது பக்கம் நகரும், கோஸ்ட் வலது பக்கம் ஓடும். எந்தப் பக்கம் திருப்பினாலும் நகராமல் ஒரே இடத்தில் சிவப்பாகவோ நீலமாகவோ ஒரு புள்ளி நின்றால் அது பிரதிபலிப்பே இல்லை. நீண்ட எக்ஸ்போஷரில், அதாவது ஷட்டரை அதிக நேரம் திறந்துவைத்து எடுக்கும்போது, சென்சாரில் பளிச்சிடும் ஹாட் பிக்சல். அதற்குக் கேமரா மெனுவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனைப் போட்டால் போதும்.

பகலில் இதே ஃபில்டர் ஏன் தொல்லை தரவில்லை என்று கேட்பீர்கள். பகலிலும் தருகிறது, வெளிச்சத்தில் தெரிவதில்லை, அவ்வளவுதான். கோட்டிங் இல்லாத சாதாரணக் கண்ணாடி, தன் ஒவ்வொரு பரப்பிலும் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். முன், பின் இரண்டு பரப்பும் சேர்ந்தால் ஏறக்குறைய 8. சென்சார் 5 சதவீதத்தைத் திருப்புகிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பெருக்கினால் விளக்கின் ஒளியில் 250-இல் ஒரு பங்கு கோஸ்ட்டாக வந்து சேருகிறது. அது 8 ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது). பகல் வானத்தின் மேல் அது ஒன்றுமே இல்லை. இரவிலோ, எரியும் பல்புக்கும் கறுப்பு வானத்துக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம் இருக்கிறது. வீட்டுச் சுவர் தெரியவேண்டும் என்று நீங்கள் 10 விநாடி திறந்து வைக்கும்போது, பல்பு எப்போதோ வெளுத்துவிட்டது, கோஸ்ட் அதுபாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருக்கிறது.

நல்ல மல்ட்டி கோட்டிங் ஃபில்டர் ஒரு பரப்பில் அரை சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்துவிடும். பல மடங்கு முன்னேற்றம்தான், ஆனாலும் அடியோடு போகாது. இரவில் விளக்குகள் படத்துக்குள் இருக்கும்போது ஃபில்டர் போடாதீர்கள் என்பதுதான் என் வழக்கம், விலை உயர்ந்ததாக இருந்தாலும். தேர்த்திருவிழாவில் தேங்காய்த் தண்ணீர் தெறிக்கிறது, வாணவெடிப் பொறி விழுகிறது என்றால் போட்டுக்கொள்ளுங்கள், அது வேறு. முகப்புக்கு எதிரே ட்ரைபாடில் நிற்கும் கேமராவுக்கு எந்த ஆபத்தும் இல்லை.

இப்போது இடது பக்க வெளுப்பு.

இது படத்துக்குள் இல்லாத விளக்கால் வருவது. நீங்கள் நின்ற தெருவில் இடது கைப்பக்கம் கொஞ்சம் முன்னே தள்ளி ஒரு தெருவிளக்குக் கம்பம் இருந்திருக்கும். அதன் வெளிச்சம் சாய்வாக வந்து லென்ஸின் முன்கண்ணாடியில் படுகிறது. படத்தில் அந்த விளக்கு இல்லை, ஆனால் அதன் ஒளி உள்ளே போய்க் கண்ணாடிகளிலும் உள்சுவரிலும் பட்டுச் சிதறி, கறுப்பையெல்லாம் சாம்பலாக்குகிறது. இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். கேமராவின் முன்பக்கம் வந்து நின்று லென்ஸைப் பாருங்கள். முன்கண்ணாடியில் தெருவிளக்கு மினுங்குகிறதா? மினுங்கினால் அது உள்ளே போகிறது என்று பொருள்.

ஹுட், அதாவது லென்ஸின் முனையில் மாட்டும் மறைப்பு வளையம், போடுவது முதல் வேலை. ஆனால் அகலக்கோண லென்ஸ்களுக்கு வரும் ஹுட் ஆழமில்லாதது, பக்கவாட்டு விளக்கை முழுக்க மறைக்காது. ஜூம் லென்ஸ் என்றால் அதன் ஹுட் மிக அகலமான கோணத்துக்கு ஏற்றபடி வெட்டியது, நீங்கள் ஜூம் செய்து எடுக்கும்போது பாதிதான் உதவும். அதனால் கையைப் பயன்படுத்துங்கள். விளக்கு இருக்கும் பக்கம் உள்ளங்கையை விரித்துப் பிடித்து, கையின் நிழல் முன்கண்ணாடியை மூடும்வரை நகர்த்துங்கள். நிழல் விழுந்த அந்த நொடியே திரையில் வெளுப்பு போய்க் கறுப்பு திரும்பிவிடும். கை படத்துக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். 10 விநாடி, 20 விநாடி எக்ஸ்போஷர் என்றால் கைக்குப் பதில் கறுப்புக் குடை. நான் பையில் எப்போதும் ஒரு கறுப்பு அட்டையும் குடையும் வைத்திருக்கிறேன்.

இதைவிட எளிய வழி, விளக்கையே ஏதாவது ஒன்றின் பின்னால் ஒளிப்பது. செட்டிநாட்டில் இதற்குக் குறைவே இல்லை. முகப்பிலும் வளவிலும் (உள்முற்றத்திலும்) எத்தனை தூண்கள்! ஒரு கார்த்திகை அன்று ஆத்தங்குடியில் ஒரு வீட்டுத் திண்ணையை எடுத்துக்கொண்டிருந்தேன். வரிசையாக அகல் விளக்குகள். ஓரத்தில் ஒன்று மட்டும் லென்ஸுக்கு மிக அருகில், படத்துக்குச் சற்று வெளியே எரிந்து, படம் முழுவதையும் மங்கலாக்கிக்கொண்டிருந்தது. "ஆச்சி, இந்த ஒண்ணை மட்டும் ஒரு நிமிஷம் அணைச்சுக்கவா?" என்று கேட்டேன்.

"விளக்கை அணைக்கிறதுன்னு சொல்லக்கூடாதுப்பா. குளிர வைக்கிறதுன்னு சொல்லணும். இன்னைக்கு அதுவும் வேணாம். நீ கொஞ்சம் தள்ளி நில்லு" என்றார்.

தள்ளி நின்றேன், இரண்டு அடிதான். தேக்குத் தூண் ஒன்று அந்த விளக்கை முழுசாக மறைத்துக்கொண்டது. மங்கல் போனது மட்டுமில்லை. மறைந்த சுடரின் வெளிச்சம் தூணின் பின்விளிம்பில் ஒரு தங்கக் கோடாக வழிந்து, பல வருடம் கைபட்டு வழவழத்த அந்த மரத்தின் உருட்டை அப்படியே எடுத்துக் காட்டியது. நான் விளக்கை அகற்றியிருந்தால் அந்தக் கோடு கிடைத்திருக்காது. இப்போதெல்லாம் ட்ரைபாடை விரிப்பதற்கு முன்னால், எந்த விளக்கை எந்தத் தூண் மறைக்கும் என்று ஒருமுறை நடந்து பார்த்துவிடுகிறேன்.

மூன்றாவதாக அழுக்கு, ஈரம். லென்ஸை வேட்டி முனையிலோ துண்டிலோ துடைத்தால் எண்ணெய் மெல்லிய கோடுகளாகப் பரவி நிற்கும். அப்போது ஒவ்வொரு விளக்கிலிருந்தும் நீளமாக ஒரு ஒளிக்கீற்று இழுக்கும், துடைத்த திசைக்குக் குறுக்காக. எல்லா விளக்கிலும் கீற்று ஒரே திசையில் சாய்ந்திருந்தால் துடைத்த கோடுதான் காரணம். ப்ளோயரால் தூசியை ஊதிவிட்டு, லென்ஸ் திரவம் ஒரு சொட்டு மைக்ரோஃபைபர் துணியில் விட்டு, நடுவிலிருந்து வட்டமாகத் துடையுங்கள்.

இதை நட்சத்திரக் கதிரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அபர்ச்சரை (லென்ஸுக்குள் ஒளி புகும் துளையை) எஃப் 11, எஃப் 16 என்று சுருக்கும்போது விளக்கைச் சுற்றிச் சமமாகக் கதிர்கள் வருவது அபர்ச்சர் தகடுகளின் விளிம்பில் ஒளி வளைவதால். தகடு இரட்டைப்படை என்றால் அத்தனை கதிர், ஒற்றைப்படை என்றால் இரண்டு மடங்கு. 7 தகட்டுக்கு 14. அது கோளாறு இல்லை. ஆனால் சில மிரர்லெஸ் கேமராக்களில் இப்படிச் சுருக்கும்போது பிரகாசமான விளக்கைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் கட்டம் கட்டமாக வரும். சென்சாரின் நுண்லென்ஸ்களுக்கும் லென்ஸின் பின்கண்ணாடிக்கும் நடுவில் நடக்கும் பிரதிபலிப்பு அது. எஃப் 8 அல்லது அதற்கும் கீழே திறந்தால் குறைந்துவிடும்.

ஈரத்துக்கு வருவோம். ஏசி அறையிலிருந்தோ ஏசி காரிலிருந்தோ நேராகப் புழுக்கமான இரவுக்குள் கேமராவை எடுத்தால் முன்கண்ணாடியில் ஆவி படியும். படம் கனவுக் காட்சி மாதிரி ஆகிவிடும். துடைத்தால் மறுபடி படியும், கண்ணாடி இன்னும் குளிர்ந்திருக்கிறதே. பையை மூடியபடியே வெளியே வைத்து அரைமணி நேரம் காத்திருங்கள். தங்கும் இடத்தில் இரவு முழுக்க ஏசி ஓடியிருந்தால், விடிகாலைப் படத்துக்குக் கேமராவை முந்தின இரவே ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுவது உத்தமம். மார்கழிப் பனியில் திறந்தவெளியில் அரைமணிக்கு ஒருமுறை டார்ச் அடித்து லென்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைக்காரர் சொன்னது சரியா என்று பார்க்கவும் டார்ச்சே போதும். லென்ஸைக் கழற்றி, அபர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து சாய்வாக டார்ச் அடித்து முன்பக்கம் வழியாக உள்ளே பாருங்கள். வெளிச்சத்தை நேராகக் கண்ணில் அடித்துக்கொள்ள வேண்டாம். சிலந்தி வலை மாதிரி கிளைகள் தெரிந்தால் பூஞ்சை. உள்ளே மூட்டமாக ஒரு படலம் தெரிந்தால் ஹேஸ். இரண்டும் ஒளியைச் சிதறடிக்கும், இரண்டுக்கும் சர்வீஸ் வேண்டும். இரண்டும் இல்லாமல் கண்ணாடியில் ஊதாவும் பச்சையுமாக மினுக்கம் சீராக இருந்தால் கோட்டிங் நலமாக இருக்கிறது.

இனி வீட்டுக்குள். முகப்பு முடிந்து வளவுக்குள் போனதும் கதை மாறிவிடுகிறது, ஏனென்றால் அங்கே பிரதிபலிப்பது லென்ஸ் இல்லை, வீடே. முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, கட்டி முடித்துத் தலைமுறைகள் ஆன பின்னும் சுவரில் முகம் தெரிகிற மாதிரி பளபளக்கிறது. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல்தான் வார்க்கிறார்கள், அந்தக் கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கும் வந்துவிடுகிறது. சுவரில் பெல்ஜியம் கண்ணாடி, சட்டம் போட்ட முன்னோர் படங்கள். ஒரு பல்பு எரிந்தால் ஆறு இடத்தில் தெரியும்.

இதற்கு போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஒரு ஃபில்டர்) போட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். பாதிதான் உண்மை. தரையைப் பார்க்கும் சாய்வு ஏறக்குறைய 35 டிகிரியாக இருக்கும்போது ஆத்தங்குடிக் கல்லின் பளபளப்பை அது நன்றாகவே வெட்டும். ரசம் பூசிய நிலைக்கண்ணாடியில் ஒன்றும் செய்யாது, உலோகப் பரப்பிலிருந்து வரும் பிரதிபலிப்பு அதற்கு அடங்காது. ஒன்றரையிலிருந்து இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் தின்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, போலரைசரும் ஒரு தட்டைக் கண்ணாடிதான். தரையின் மினுக்கத்தைப் போக்கப் போய், மேலே கூரையில் பச்சைப் புள்ளிகளை வரவழைத்துக்கொள்வீர்கள். என் அபிப்பிராயம், தரையின் மினுக்கம் முழுவதையும் வெட்டவே கூடாது. அந்தத் தரை பளபளப்பாக இருப்பதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் சாதாரண சிமென்ட் தளம் மாதிரிச் செத்துப்போகும். பல்பின் நேர்ப் பிம்பம் மட்டும் கண்ணைக் குத்தினால், கேமராவை ஒரு சாண் உயர்த்துங்கள் அல்லது இறக்குங்கள், பிம்பம் நகர்ந்து ஒரு தூண் அடிக்குள் போய்விடும்.

கண்ணாடி போட்ட படங்களுக்கு வேறு வழி. பழைய வீடுகளில் அவற்றின் மேல்விளிம்பை முன்னால் சாய்த்துத்தான் மாட்டியிருப்பார்கள். அதனால் நேரே நின்றால் கண்ணாடியில் தரையும் உங்கள் கால்களும் வெளிச்சமான திரையோடு கேமராவும் தெரியும். திரையின் பிரகாசத்தைக் குறையுங்கள், ஃபோகஸ் உதவி விளக்கை அணைத்துவிடுங்கள், கறுப்புத் துணி ஒன்றின் நடுவில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு அதன் பின்னாலிருந்து எடுங்கள். வெள்ளை வேட்டி சட்டையோடு இந்த வேலைக்குப் போகவே கூடாது.

ஃபோனில் எடுப்பவர்களுக்கு: உங்களுக்கும் அதே பச்சைப் புள்ளிதான் வருகிறது, அதே காரணத்தால். ஃபோன் லென்ஸ் மேல் ஒட்டியிருக்கும் காப்புக் கண்ணாடி தட்டையானது, அதைக் கழற்ற முடியாது. மேலே இன்னொரு பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டியிருந்தால் அதையாவது உரித்துவிடுங்கள், விரல் எண்ணெயைத் துடையுங்கள். அப்புறம் கோஸ்ட் எங்கே விழும் என்பது தெரியுமே, அதை வைத்துப் படத்தை அமையுங்கள். ஒரே விளக்கு என்றால் அதைப் படத்தின் நடுவில் வையுங்கள், கோஸ்ட் விளக்கின் மேலேயே விழுந்து மறைந்துவிடும். முடியாவிட்டால், கறுப்பு வானத்தில் விழாமல் வெளிச்சமான சுவரில் விழும்படி ஃபோனைச் சாய்த்துப் பாருங்கள். கேமராக்காரர்களுக்கும் இது பொருந்தும்.

எல்லாம் செய்தும் ஒன்றிரண்டு கோஸ்ட் நின்றால், ட்ரைபாடை அசைக்காமல் இரண்டு படம். முதல் படம் வழக்கம்போல. இரண்டாவதில் விளக்கு மட்டும் மறையும்படி லென்ஸின் முன்னால் குச்சியில் ஒட்டிய கறுப்பு அட்டையைப் பிடியுங்கள். விளக்கு மறைந்தால் அதன் கோஸ்ட்டும் இருக்காது. பிறகு கணினியில் இரண்டாவது படத்தின் வானத்தை முதல் படத்தில் வைத்துவிடலாம். பல கடைகளில் செய்வதுபோல வானத்தைத் தூரிகையால் கறுப்படிப்பதைவிட இது எவ்வளவோ நேர்மையானது, உண்மையான வானம் உண்மையாகவே இருக்கும்.

அதைவிட நல்லது நேரத்தை மாற்றுவது. முழு இருட்டில் எடுக்காதீர்கள். சூரியன் மறைந்து 15 நிமிடத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் எடுங்கள். வானம் இன்னும் கருநீலமாக இருக்கும், விளக்குக்கும் வானத்துக்கும் உள்ள இடைவெளி குறைந்திருக்கும், எக்ஸ்போஷரும் ஓரிரு விநாடிக்குள் அடங்கும். மாடத்துச் சுதைச் சிற்பங்களின் விளிம்பும் வானத்தில் தனியாகத் தெரியும். நம் பக்கம் அந்த நேரம் சட்டென்று போய்விடும், எனவே அஸ்தமனத்துக்கு முன்னாலேயே ட்ரைபாடை நிறுத்தி, ஃபோகஸ் வைத்து, எந்த விளக்கு எந்தத் தூணுக்குப் பின்னால் என்று பார்த்துவிட்டுக் காத்திருங்கள்.

டிஎஸ்எல்ஆர் வைத்திருந்தால் ஒன்று விட்டுப்போகிறது: பின்னால் தெருவிளக்கு இருந்து, நீங்கள் கண் வைக்காமல் நீண்ட எக்ஸ்போஷர் எடுத்தால் வ்யூஃபைண்டர் வழியாகவும் ஒளி கசியலாம். அதை மூடிவிடுங்கள், சில கேமராக்களில் அதற்கென்றே வாரோடு ஒரு ரப்பர் மூடி வரும்.

உங்கள் சீரியல் செட் கல்யாணம் முடியும்வரை இருக்கும் என்றால், நாளை மாலையே மறுபடி போங்கள். ஃபில்டரோடு ஒன்று, ஃபில்டர் இல்லாமல் ஒன்று, ஃபில்டர் இல்லாமல் இடது பக்கம் குடை பிடித்து ஒன்று, மூன்றும் ஒரே எக்ஸ்போஷரில். மூன்றையும் வெட்டாமல் போடுங்கள். மூன்றாவதிலும் ஏதாவது மிச்சமிருந்தால், டார்ச் அடித்து லென்ஸுக்குள் பார்த்தது என்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு லென்ஸைப் பற்றிப் பேசலாம்.